தராசு யார் கையில்?

“வன்னிக்குப் போனவங்க பொழச்சிக்கிட்டாங்க.” நம் லயங்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. அங்கே துரை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, விடியற்காலைப் பெரட்டு இல்லை. சொந்தக் காணி, சொந்தக் கிணறு. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே கையில் காசு. சம்பளப் பேச்சுவார்த்தை இழுபடும்போதும், பேர் வெட்டப்படும்போதும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. இதைப் பற்றி இப்போது பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பறிக்கும் கொழுந்தைக் கிலோக் கணக்கில் கம்பனி வாங்கிக்கொள்ளும் ‘அவுட்குரோவர்’ முறை சில தோட்டங்களில் ஏற்கெனவே நடக்கிறது. மற்றத் தோட்டங்களிலும் அதைக் கொண்டுவரக் கம்பனிகள் பல வருடங்களாக முயல்கின்றன. நாமும் சிறு உற்பத்தியாளர்கள் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் விளைச்சலை விற்கிறவராக மாறினால் என்ன நடக்கும்? அப்படி ஏற்கெனவே வாழ்கிறவர்களைப் போய்ப் பார்த்தால் தெரியும்.

பங்குனிச் சந்தை

போன பங்குனிக் கடைசியில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காகக் கிளிநொச்சி மாவட்டத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் அவர்களோடு பக்கத்தில் உள்ள ஒரு சிறு நகரத்துச் சந்தைக்குப் போனேன். சந்தையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நான் பார்த்தது அந்த ஒரு சந்தைக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல.

பங்குனியில் மாரி மழை ஓய்ந்து, பெரும்போக நெல் வெட்டி முடிந்திருக்கும். வயல்களில் ஒட்டு மட்டும் நிற்கும், மாடுகள் மேயும். வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்பதால் விடியும்போதே சந்தை நிறைந்துவிடுகிறது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் லாண்ட்மாஸ்டரிலும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. கத்தரிக்காய், பயிற்றங்காய், வெண்டிக்காய், பூசணிக்காய், முருங்கைக்காய், பச்சை மிளகாய், கட்டுக் கட்டாகக் கீரை. உழுந்து, பயறு, கச்சான். கோது உடைத்த புதுப் புளி. ஒரு மூலையில் வத்தகைப்பழம் குவிந்து கிடந்தது. இன்னொரு மூலையில் நமக்குப் பழகிய முகங்கள்: கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட். நுவரெலியாவில் பிடுங்கியது தம்புள்ளைக்குப் போய், அங்கே கை மாறி, வடக்கே வந்து சேர்கிறது. நம் ஆட்கள் லயத்துக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தில் போட்ட மரக்கறியும் அதில் இருக்கலாம்.

நான் கவனித்துப் பார்த்தது தராசைத்தான். ஒருவர் கத்தரிக்காய் மூட்டையோடு வந்தார். நிறுத்தார்கள். முள் 50 கிலோவில் நின்றது. வியாபாரி துண்டில் எழுதியது 45. “பத்துக்கு ஒண்டு கழிவு, தெரியும்தானே அண்ணை” என்றார் வியாபாரி. கொண்டு வந்தவர் ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். “கதைச்சால் நாளைக்கு என்ரை மூட்டையை இறக்க விடமாட்டினம் பிள்ளை. கத்தரிக்காயைத் திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்யிறது?” என்றார்.

பத்துக்கு ஒன்று என்ற இந்தக் கழிவை எதிர்த்து யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விவசாயிகள் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அழுகல், சேதம், வெயிலில் நிறை குறைதல் என்று வியாபாரிகள் காரணம் சொல்கிறார்கள். அழுகாத பூசணிக்காய்க்கும் அதே கழிவு என்றால் அந்தக் காரணம் எப்படிப் பொருந்தும்? கழிவை நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் அறிவித்தாலும் சில வாரங்களில் பழைய வழக்கம் திரும்பிவிடுகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

எடை இப்படி என்றால் விலை இன்னொரு விதம். அன்றைய கத்தரிக்காய் விலையைத் தீர்மானித்தது கத்தரிக்காய் வைத்தவரும் இல்லை, அதை வாங்கிச் சமைக்கப்போகிறவரும் இல்லை. வியாபாரி தொலைபேசியில் தம்புள்ளை விலையைக் கேட்டுவிட்டுச் சொன்னார். தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999இல் தொடங்கியது. இன்று நாட்டின் பெரும்பகுதி மரக்கறி விலை அங்கேதான் முடிவாகிறது. வன்னி விவசாயிகளுக்கென்று வவுனியாவில் அப்படி ஒரு நிலையம் அமைக்கும் திட்டம் வந்தபோது, ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016இல் அரசியல்வாதிகள் மாதக்கணக்கில் இழுபட்டார்கள். இடத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அங்கே தராசு எப்படி இருக்கும், விலையை யார் சொல்வது என்று யாரும் பேசவில்லை.

“எந்தத் தோட்டத்துப் புள்ள நீ?”

சந்தைக் கட்டடத்துக்கு வெளியே, சாக்கை விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, “எந்தத் தோட்டத்துப் புள்ள நீ?” என்றார். சொன்னேன். அவருடைய குடும்பம் கண்டிப் பக்கத்துத் தோட்டம். 77 கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்த பிறகு, அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்திருக்கிறார்.

“இப்ப எப்படிப் பாட்டி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“இருக்கேன். எங்கம்மா மடுவத்துல கணக்கப்பிள்ளைகூட சண்ட போடும், ரெண்டு ராத்தல வெட்டிட்டான்னு. நான் சின்னப் புள்ள, கூடைய புடிச்சிக்கிட்டு நிப்பேன். இங்க வந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதே சண்டையத்தான் நானும் போடுறேன்.”

பாட்டி தனி ஆள் அல்ல. வன்னியின் காட்டை வெட்டி ஊராக்கியவர்களில் பெரும் பங்கு நம்மவர்கள். 1948இல் குடியுரிமை போனது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் கை மாறியபோது பலர் வேலையும் இருப்பிடமும் இழந்தார்கள். 1970களின் நடுவில் வந்த பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1977இலும் 1983இலும் கலவரம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒரு கூட்டம் வடக்கே நடந்தது. அவர்களைக் குடியேற்ற மருத்துவர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு பாடுபட்டது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ட் பாம் போன்ற இடங்களில் குடியேறியிருந்த நம்மவர்கள் 1984இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டார்கள். 2009 வரை நடந்த போரில் அவர்கள் மற்ற வன்னி மக்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் இழந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இன்று கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் போனால் நம் பேச்சைக் கேட்கலாம். ஆனால் நம்மவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மேட்டுக் காணி. வாய்க்கால் தண்ணீர் எட்டாத இடம். கிணறு வெட்டிக் கீரையும் கச்சானும் போடலாம், நெல் விதைக்க முடியாது. அதனால் பலர் காணி இருந்தும் மற்றவர் வயலில் கூலிக்குப் போகிறார்கள்.

தண்ணீருக்குக் கூட்டம், விலைக்கு இல்லை

நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றும் அங்கே இருக்கிறது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இரணைமடு. சிறுபோகம் தொடங்குவதற்கு முன் விவசாயிகளைக் கூட்டி, அதிகாரிகள் முன்னிலையில் கூட்டம் நடக்கும். குளத்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் வாய்க்கால் திறப்பது, எப்போது மூடுவது என்று அந்தக் கூட்டத்தில் முடிவாகும். தண்ணீர் குறைவாக இருக்கும் வருடத்தில் இருப்பதைப் பங்கிட்டு விதைப்பார்கள். அந்தக் கூட்டத்திலும் சத்தம் வரும், குறை இருக்கும். வயல் இல்லாத நம்மவர்களுக்கு அங்கே குரலும் இல்லை. ஆனால் தண்ணீர் பொதுச் சொத்து, அதைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற பழக்கம் உறுதியாக நிற்கிறது.

அதே விவசாயி நெல்லை விற்கப் போகும்போது தனியாளாகிவிடுகிறார். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது பல இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டிருந்தது. அரசாங்கக் களஞ்சியத்துக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். காய வைக்கத் தளம் இல்லாதவர் தார் வீதியில் நெல்லைப் பரப்புகிறார். கடன்காரர் வாசலில் நிற்கும்போது காய்வதற்குக் காத்திருக்க முடியுமா? வயலுக்கே லொறி கொண்டுவரும் வியாபாரியிடம், ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு கொடுத்துவிடுகிறார்.

ஈரத்துக்குக் கழிவு. இந்த வார்த்தையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்?

நம் மடுவம்

தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு, முற்றல் கழிவு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இந்தப் பெயர்கள் எல்லாத் தாய்மாருக்கும் மனப்பாடம். மழை பெய்தால் தண்ணிக்கென்று வெட்டுகிறார்கள். வெயில் அடித்தாலும் சில இடங்களில் அதே அளவு வெட்டுகிறார்கள். வெறுஞ்சாக்கு எத்தனை கிராம் என்று யாரும் நிறுத்துக் காட்டுவதில்லை. வன்னிச் சந்தையில் பூசணிக்காய்க்குச் சொல்லும் காரணமும் இதுவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் ஒரு நாளில் மூன்று நிறுவையில் 22 கிலோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவைக்கு ஒரு கிலோ வெட்டினால் 19 எழுதப்படும். அந்தத் தோட்டத்தில் முழுப் பேருக்கு 20 கிலோ கேட்டால், அவருக்கு அரைப் பேர். வெட்டியது மூன்று கிலோ, போனது அரை நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் பாதி 675 ரூபா. வெட்டிய மூன்று கிலோக் கொழுந்து குப்பைக்குப் போகவில்லை, தொழிற்சாலைக்குத்தான் போனது. நோர்முக்கு மேலே பறிக்கிறவருக்கும் நட்டம்தான். மேலதிகக் கிலோவுக்கு வரவேண்டிய காசில் ஒவ்வொரு நாளும் மூன்று கிலோ குறைகிறது. மாதத்தில் 20 நாள் வேலை என்றால் 60 கிலோ.

1,000 ரூபாவுக்காக எத்தனை வருடம் போராடினோம், 2021இல் அது சம்பள நிர்ணய சபை மூலம் கிடைத்தது, பிறகு 1,350 வந்தது. ஒவ்வொரு கூட்டலையும் நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2021க்குப் பிறகு கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனதால், எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்பதைப் பல இடங்களில் நிர்வாகம் தன் இஷ்டத்துக்குக் கூட்டுகிறது. சம்பளம் வர்த்தமானியில் கூடினால், மடுவத்தில் குறைகிறது. சம்பளத்துக்காகக் கொடி பிடித்த நாம் தராசைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை.

அவுட்குரோவர் ஆகும் முன்

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். செடியைப் பிரித்துக் கொடுத்தால் நாம் யாராகப் போகிறோம்? கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற அந்த மனிதரின் இடத்தில்தான் நிற்கப் போகிறோம். அவராவது வேறு சந்தைக்குப் போகலாம், ஏ9 வீதியோரத்தில் கடை போட்டு நேராக விற்கலாம். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும். தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஆலை ஒன்றே ஒன்று. அது சொல்கிற எடை, அது சொல்கிற விலை.

காணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெவன் தோட்டக் காணியைப் பறிக்க வந்தபோது 1977 மே மாதத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். காணிக்காக உயிர் கொடுத்த சமூகம் நாம். 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்பதை ஒரு நாளும் விடக்கூடாது. ஆனால் செடி பிரித்துக் கொடுப்பது காணி கொடுப்பது ஆகாது. காணி கம்பனியுடையதாகவே இருக்கும். உழைப்பும் உரச் செலவும் நட்டமும் மட்டும் நம்முடையதாகும். ஆகவே எந்தத் தோட்டத்திலாவது அவுட்குரோவர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், தலைவர்மார் இந்த நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

முதலாவது, கொழுந்தை யார் நிறுப்பது? நம் பிரதிநிதி பக்கத்தில் நிற்க முடியுமா? கழிவுக்கு உச்ச அளவு என்ன?

இரண்டாவது, விலை எப்படித் தீர்மானிக்கப்படும்? சிறுதோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து வாங்கும் ஆலைகளுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. விற்பனை வருமானத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஆலைக்கு. நமக்கும் அதேதானா, அல்லது கம்பனி சொல்கிற விலையா?

மூன்றாவது, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் என்ன ஆகும்? தொழிலாளி என்ற பெயர் போனால் இந்த இரண்டும், பிரசவச் சம்பளமும், சேவைக்காலக் கொடுப்பனவும் சேர்ந்து போய்விடும்.

நான்காவது, மழை பொய்த்தால், உரம் விலை ஏறினால், ஏல விலை விழுந்தால் நட்டத்தை யார் தாங்குவது? வன்னியில் அதைத் தாங்குகிறவர் விவசாயி மட்டும்.

இந்த நான்குக்கும் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நாம் இப்போதே செய்யக்கூடியவை

வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு வருடாவருடம் பரிசோதிக்கப்பட்டு முத்திரை குத்தப்பட வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இதற்காகவே இருக்கிறது. உங்கள் மடுவத்துத் தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா? தலைவர்மார் இந்த வாரமே பார்க்கலாம். இல்லையென்றால் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். சங்கம் திணைக்களத்துக்கு எழுதும்.

வெறுஞ்சாக்கை எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை நிறுக்கச் சொல்லுங்கள். அந்த எடைக்கு மேல் சாக்குக் கழிவு வெட்டக்கூடாது. ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு கேளுங்கள். துண்டு கிடைக்கும்வரை நாமே எழுதுவோம். இதில் நம் பிள்ளைகள் உதவலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் தெரியும். வீட்டுக்கு ஒரு கொப்பி போதும். திகதி, மூன்று நிறுவை, முள் காட்டியது எவ்வளவு, எழுதியது எவ்வளவு. அம்மா மாலையில் சொல்ல, பிள்ளை எழுதட்டும். ஒரு மாதக் கொப்பி ஒரு ஆளின் முறைப்பாடு. ஒரு டிவிசனில் நூறு கொப்பி சேர்ந்தால் அது சாட்சி. கொழுந்துக்காரர் ஒருவர் தனியாகக் கேட்டால் அடுத்த நாள் மோசமான மலைக்கு அனுப்பிவிடுவார்கள். கத்தரிக்காய்க்காரர் வாய் திறக்காததும் அதே பயத்தால்தான். ஆகவே தனியாகக் கேட்க வேண்டாம். கொப்பிகளைத் தலைவரிடம் கொடுங்கள், சங்கம் கேட்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. வன்னி விவசாயிகளின் சங்கங்களோடும் கூட்டுறவுச் சங்கங்களோடும் நம் சங்கம் பேச வேண்டும். அவர்களுக்குக் கரட்டும் தேயிலைத் தூளும் வேண்டும், நமக்கு அரிசியும் உழுந்தும் கச்சானும் வேண்டும். நடுவில் எத்தனை கை, ஒவ்வொரு கையும் எவ்வளவு எடுக்கிறது என்பதை இரண்டு பக்கமும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். தீபாவளிக்கு ஒரு லொறி அரிசியாவது நேராக வந்து, ஒரு லொறி மரக்கறி நேராகப் போனால், அது ஒரு தொடக்கம். 200 வருடத்துக்கு முன் நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த பாதையை நினைவுகூர்ந்து 2023இல் நம்மவர்கள் மறுபடி நடந்தார்கள். வடக்கிலும் மக்கள் அவர்களைத் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். அந்த அன்பு கொடுக்கல் வாங்கலிலும் வர வேண்டும்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சந்தைகள் பிரதேச சபைகளின் பொறுப்பு. நம் தோட்ட நகரங்களில் வாரத்துக்கு ஒரு நாள், வளர்த்தவர்களே உட்கார்ந்து விற்க இடமும், எல்லோரும் பார்க்கும்படி முத்திரை குத்திய ஒரு பொதுத் தராசும் கேளுங்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மே தினமும் வருகிறது. சம்பள உயர்வு, வீட்டுக் காணி என்ற கோரிக்கைகளோடு இந்த முறை இன்னொன்றையும் எழுதிக்கொண்டு போவோம்: முள் காட்டுவதை எழுது. வெட்டாதே.